அப்ரண்டிஸ் மாப்பிள்ளை

சர்க்கார் என்றால் அதற்கும் மனசு உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு நாள் அந்த மனசு இரண்டு விஷயங்களை நினைத்து ஏககாலத்தில் உருகிற்று. தேசத்தில் படித்த பிள்ளைகள் வேலை இல்லாமல் தெருவில் நிற்கிறார்கள் என்பது ஒன்று. ஆபீசுகளில் வேலை ஆள் இல்லாமல் மேஜைமேல் கிடக்கிறது என்பது இன்னொன்று. இந்த இரண்டு துக்கத்தையும் ஒன்றுக்கொன்று கட்டிக்கொடுத்துவிட்டால் என்ன என்று, சென்னையில் ஒரு பெரிய மனிதருக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தோன்றிற்று. அப்படிப் பிறந்ததுதான் அப்ரண்டிஸ் திட்டம்.

திட்டத்தின் மகிமையைச் சுற்றறிக்கை ஒன்று விளக்கியது. 'முதலாளிமார்களுக்கு நன்மை யாதெனில், சம்பளமின்றி ஆள் கிடைக்கும். இளைஞர்களுக்கு நன்மை யாதெனில், சம்பளத்தைப் பற்றிய கவலையின்றி வேலை பழகலாம். ஆகவே சம்பளம் என்னும் தொல்லை இரு தரப்பாருக்கும் அறவே நீங்குகிறது.' இதைப் படித்த பிறகும் ஒருவன் குறை சொன்னால் அவன் வயிற்றெரிச்சல்காரனாகத்தான் இருக்க வேண்டும்.

திருச்சிராப்பள்ளியில் இந்தத் திட்டத்தை முதலில் கையில் எடுத்தது படித்துறை இலாகா. தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் அது இருந்தது. இப்போது போய்த் தேடாதீர்கள், கிடைக்காது. காவேரியிலும் கொள்ளிடத்திலும் ஜனங்கள் இறங்கிக் குளிக்கும் படிகளைப் பரிபாலனம் செய்வது அதன் கடமை. ஆடியில் புதுத் தண்ணீர் வந்து படிகள் முழுகியதும், 'படிகள் காணப்படவில்லை' என்று சென்னைக்கு எழுதுவார்கள். பங்குனியில் ஆறு வற்றியதும், 'இலாகாவின் இடைவிடாத முயற்சியால் மேற்படி படிகள் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டன' என்று எழுதுவார்கள். சென்னையிலிருந்து பாராட்டு வரும். வருஷா வருஷம் இப்படி நாணயமாக நடந்துகொண்டிருந்த இலாகா.

அதில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவன் மருதை. திருவெள்ளறைக்காரன். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவனுக்கு இந்த உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்று: மணப்பாறையில் இருக்கும் மாமன் மகள் பொன்னுத்தாய். பொன்னுத்தாய்க்கும் அதில் ஆட்சேபணை கிடையாது. இருந்த ஆட்சேபணை எல்லாவற்றையும் மாமன் காத்தானே மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தார். காத்தான் மணப்பாறை மாட்டுச் சந்தையில் பேர்போன தரகர்.

"வேலை பர்மனெண்டுன்னு வரட்டும், அன்னிக்கே வெத்திலை பாக்கு மாத்திக்கலாம். அதுக்கு முன்னாடி என் வீட்டு வாசலை மிதிச்சே, மாட்டை அவுத்து விட்டுருவேன்" என்று சொல்லியிருந்தார். அவரிடம் எப்போதும் முட்டுகிற மாடு ஒன்று இருக்கும். ஆகையால் மருதை மிதிக்கவில்லை.

முதல் நாள் அவனை வரவேற்றவர் சூப்பரிண்டெண்ட் ரெங்கபாஷ்யம் ஐயங்கார். ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றியில் திருமண் பளிச்சென்று இருக்கும்.

"அப்பனே, இந்த இலாகாவிலே பிரவேசிக்கிறதே பூர்வ ஜன்ம சுகிர்தம். சம்பளம் கிம்பளம்னு லௌகீகமா நினைக்கப்படாது. கைங்கர்யமா நினைச்சுண்டு பண்ணணும், தெரியறதா?"

"தெரியுதுங்க. சாமி சம்பளம் வாங்குறதில்லீங்களா?"

ஐயங்கார் பெருமூச்சு விட்டார். "அது என் பிராரப்தம். கர்மா தீர்ற வரைக்கும் வாங்கித்தானே ஆகணும்?"

மருதைக்கு அவர் மேல் இரக்கம் உண்டாயிற்று.

அவனைக் குமாஸ்தா காஜா மைதீனுக்குக் கீழே போட்டார்கள். காஜா மைதீன் தங்கமான மனிதர், வெடுக்கென்று ஒரு வார்த்தை பேசத் தெரியாதவர். காலையில் வந்ததும் தம் சிவப்புத் துருக்கிக் குல்லாவைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். குல்லா மேஜைமேல் இருந்தால் காஜா மைதீன் ஆபீசில் இருப்பதாக அர்த்தம். அதை யாரும் மறுக்க முடியாது. குல்லாவை வைத்த பிறகு அவர் பெரிய கடைவீதிப் பக்கம் போய்விடுவார். அங்கே அவருடைய மைத்துனருக்கு அத்தர்க் கடை இருந்தது.

"தம்பி, வேலையை நான் சொல்லிக் கொடுத்தா உனக்கு என் அளவுதான் வரும். நீயாப் பழகினா அல்லா புண்ணியத்துல என்னைத் தாண்டிடுவே. உன் முன்னேத்தத்துக்கு நான் குறுக்கே நிக்கலாமா? நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

அன்று முதல் மருதை குல்லாவுக்குக் கீழே வேலை பார்த்தான். படிகள் காணாமற்போனபோது எழுதினான். கண்டுபிடிக்கப்பட்டபோது எழுதினான். ஐயங்கார் தம்முடைய வேலையையும் காஜா மைதீனிடம் தள்ளினார். காஜா மைதீன் அதைக் குல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தார். மருதை அதையும் செய்தான். ஒரு வருஷம் ஆயிற்று. ஒரு நாள் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு ஐயங்கார் முன்னால் போய் நின்றான்.

"சாமி, வேலை பழகிட்டேன். பர்மனெண்ட் பண்ணுவீங்களா?"

"பேஷா! உன்னைவிட யோக்யன் யார் இருக்கா? ஒரு இடம் காலியாகணும், அவ்வளவுதான்."

"எப்பங்க காலியாகும்?"

"இந்த ஆபீசிலே வேலை நடக்காமே தேங்கிப் போறதுன்னு சென்னைக்குத் தெரிஞ்சா, உடனே புதுசா ஒரு இடம் கொடுப்பா. ஆனா நீதான் எல்லாத்தையும் அழகாப் பண்ணிடறியே! தேங்கலியே!"

"அப்ப நான் கொஞ்ச நாளைக்குச் செய்யாம இருக்கட்டுங்களா?"

"செய்யாமே இருந்தா வேலை தெரியாதவன்னு ஆயிடும். வேலை தெரியாதவனை எப்படிப் பர்மனெண்ட் பண்றது? நீயே சொல்லு, நியாயமா?"

மருதை யோசித்துப் பார்த்தான். நியாயமாகத்தான் இருந்தது. அதில்தான் கஷ்டமே இருந்தது.

அவன் முகத்தைப் பார்த்து ஐயங்காருக்கே மனசு கேட்கவில்லை. அங்கேயே அவனை 'சீனியர் அப்ரண்டிஸ்' ஆக உயர்த்தினார். சீனியர் அப்ரண்டிஸ், தனக்குக் கீழே ஒரு அப்ரண்டிஸை வைத்துக்கொள்ளலாம். மறு வாரமே உறையூர்ப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். அவனும் எஸ்.எஸ்.எல்.சி., அவனுக்கும் கையெழுத்து முத்து முத்து.

இந்த இடத்தில் மருதை, தான் பட்ட பாட்டை நினைத்துப் பார்த்து, 'ஐயோ பாவம், இந்தப் பிள்ளையாவது நல்லாயிருக்கட்டும்' என்று வேலையைத் தானே செய்திருப்பான் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். மருதையும் மனுஷன்தானே! தன் துண்டை மடித்து முக்காலிமேல் போட்டான். "தம்பி, நீயாப் பழகினாத்தான் முன்னேத்தம்" என்றான். காப்பிக் கிளப்புக்குப் போய்விட்டான். அன்றைக்குக் காப்பி தேனாக இருந்ததாம். பிறகு ஒரு நாள் பொன்னுத்தாயிடம் அவனே ஒப்புக்கொண்டான்.

உறையூர்ப் பையன் மட்டும் இளித்தவாயனா? அவன் சீனியர் ஆனதும் பாலக்கரைப் பையன் ஒருவன் வந்தான். பாலக்கரைக்குக் கீழே மன்னார்புரத்துப் பையன் வந்தான். உள்ளே இடம் போதாமல் மன்னார்புரத்தான் மாடிப்படியில் உட்கார்ந்தான்.

இதற்குள் அப்ரண்டிஸ் என்பது ஊரெல்லாம் ஒரு நாகரிகமாகிவிட்டது. அப்ரண்டிஸ் இல்லாத கடையைக் கடை என்று யாரும் மதிக்கவில்லை. தோல் மண்டி முகம்மது கனி ராவுத்தர், தம் மண்டியில் இருந்த சம்பளக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு, "நாளையிலேர்ந்து நீங்கள்லாம் அப்ரண்டிஸ். பதவி உயர்வுன்னு நெனச்சுக்குங்க" என்று இனிப்புக் கொடுத்தார். மாமியார்கள் கல்யாணத்துக்கு முன்பே மருமகளை வரவழைத்து, மாவு ஆட்டவும் துணி துவைக்கவும் பழக்கிவிட்டு, "கை கொஞ்சம் மந்தம்" என்று திருப்பி அனுப்பினார்கள். துக்க வீடுகளில் அப்ரண்டிஸ் ஒப்பாரிக்காரிகள் இலவசமாக அழுதார்கள். அதில் காளியாயி என்கிறவள் மட்டும், "செத்தவன் நெசமா செத்தானா, அவனும் அப்ரண்டிஸா?" என்று கேட்டுவிட்டு அழ மறுத்தாளாம். கொள்ளிடக்கரையில் பிச்சைக்காரர்கள்கூட ஆளுக்கு ஒரு சிஷ்யனை வைத்துக்கொண்டு, வெயில் நேரத்தில் அவனை உட்கார்த்திவிட்டு நிழலுக்குப் போனார்கள். நாடு முன்னேறுவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

முன்னேறாதவன் மருதை ஒருவன்தான். கார்த்திகை மாதத்தில் மணப்பாறையிலிருந்து ஆள் வந்தது. சந்தைக்கு வந்து பார்க்கச் சொல்லி மாமன் உத்தரவு.

சந்தையில் காத்தான் ஒரு செவலைக் காளையின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கஞ்சி கொண்டுவந்த பொன்னுத்தாய், கலயத்தை இறக்கி வைத்துவிட்டு மருதையைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன மாப்ளே, வேலை எப்படி?" என்றார் காத்தான், காளையின் வாயை விடாமல்.

"நல்லாப் போவுது மாமா. இப்ப எனக்குக் கீழே மூணு பேரு."

"சம்பளம்?"

"அது வந்து... இன்னும் பழகிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"என்னத்தைப் பழகுறே? சம்பளம் இல்லாம இருக்கவா?"

மருதை, வேலை நடந்தால் இடம் காலியாகாது, நடக்காவிட்டால் பர்மனெண்ட் ஆகாது என்கிற தத்துவத்தை விளக்கினான். காத்தான் காளையின் வாயை விட்டுவிட்டு, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், இந்தச் சந்தையில நானும் தலை நரைக்கப் பாத்துட்டேன். மாடு வாங்குறவன் ஏர்ல பூட்டி ஒரு சால் ஓட்டிப் பாப்பான். புடிச்சா வாங்குவான், புடிக்காட்டி தும்பைக் கையில கொடுத்துருவான். ஓட்டிப் பாக்குறேன், ஓட்டிப் பாக்குறேன்னு முழு வயலையும் உழுதுட்டு, அண்டை வீட்டான் வயலையும் உழுதுக்கிட்டு இருக்காரே, அந்த ஐயங்காரு! அவரு பெரிய ஆளுடா! அவரை நான் பாக்கணும்."

"நீங்க பாக்குறது இருக்கட்டும்ப்பா. அந்தச் சேவகன் பேச்சுக்கு என்ன பதில் சொல்லி அனுப்புனீங்க? அதை மச்சான்கிட்ட சொல்லுங்க" என்றாள் பொன்னுத்தாய்.

விஷயம் இதுதான். திண்டுக்கல் ரோட்டில் ஒரு ஆபீசில் டவாலி போட்ட சேவகன் ஒருவன் பெண் கேட்டிருந்தான். வயசு கொஞ்சம் முன்னே பின்னே. முன்பல் இல்லை. ஆனால் பர்மனெண்ட். பென்ஷன் உண்டு. தை பிறந்ததும் பதில் சொல்வதாகக் காத்தான் வாக்குக் கொடுத்துவிட்டார்.

"பென்ஷனைக் கட்டிக்கிட்டு நான் என்ன செய்யுறது? முறுக்கு சுட்டுக் கொடுத்தா அந்தாளு கடிப்பானா?" என்று பொன்னுத்தாய் சீறினாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது. மருதை, மாட்டுக்காரர்கள் நாலு பேர் பார்க்கிறார்களே என்று குனிந்து நின்றான்.

காத்தானுக்கும் மகள்மேல் உயிர். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சரி சரி, அழுவாதே. மாட்டுக்கு விலை படியலேன்னா நாம என்ன செய்வோம்? நேர்ல போயி, துண்டைப் போட்டுப் பேசி முடிச்சுடுவோம்."

அவர் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. மாட்டுச் சந்தையில் யாரும் வாயால் விலை பேசுவதில்லை. இருவர் கையையும் ஒரு துண்டு மூடியிருக்கும். உள்ளே ஒருவன் மற்றவன் விரலைப் பிடித்துக் கேட்பான். மற்றவன் விரலால் பதில் சொல்வான். விரல் நின்ற இடத்தில் விலை முடிந்துவிடும். பிறகு பேச்சு மாறினால் அவனுக்கு அந்தச் சந்தையில் தண்ணீர்கூட யாரும் கொடுக்க மாட்டார்கள்.

காத்தான் படித்துறை இலாகாவுக்கு வந்த அன்று ஐயங்கார் அதிசயமாக ஆபீசில் இருந்தார். சென்னையிலிருந்து ஒரு துரை, திட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க வருவதாகச் செய்தி. காஜா மைதீன்கூடக் குல்லாவைத் தலையிலேயே வைத்திருந்தார். மாடிப்படியில் உட்கார்ந்திருந்த மன்னார்புரத்தானைத் தாண்டிக்கொண்டு காத்தான் நேரே உள்ளே போனார். மருதை பின்னாலேயே, "மாமா, வேணாம் மாமா" என்று ஓடினான்.

"கும்புடுறேன் சாமி. மருதை என் அக்கா மகன். பேசி முடிச்சுக்கலாம்னு வந்தேன்" என்றார் காத்தான். சொல்லிக்கொண்டே ஐயங்காரின் வலது கையை லபக்கென்று பிடித்துத் தம் துண்டை அதன்மேல் போட்டு மூடினார்.

ஐயங்கார் வெலவெலத்துப் போனார். காவேரியில் ஸ்நானம் செய்துவிட்டு வந்த கை! அது இப்போது ஒரு மாட்டுத் துண்டுக்குள்ளே அகப்பட்டுக்கொண்டிருக்கிறது.

"என்ன காரியம் பண்றாய்? விடு, விடு!"

"சத்தம் போடாதீங்க சாமி. நாலு பேருக்குத் தெரிஞ்சா பேரம் கெட்டுப் போயிரும். விரலுக்கு ஒரு மாசம். எத்தனை மாசத்துல பர்மனெண்ட் பண்ணுவீங்க?" என்று காத்தான் மெதுவாகச் சொல்லி, துண்டுக்குள் ஐயங்காரின் மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தார்.

ஐயங்கார் திமிறினார். ஒரு விரல் நழுவியது.

"ரெண்டா? ரெண்டுன்னாலும் தை கழிஞ்சுடுமே சாமி!"

ஐயங்கார் பலங்கொண்ட மட்டும் இழுத்தார். இன்னொரு விரலும் விடுபட்டது. ஒரே ஒரு ஆள்காட்டி விரல் மட்டும் காத்தான் பிடியில் நின்றது.

"ஒண்ணு! ஒரே மாசம்! முடிஞ்சுது!" என்று காத்தான் கூவினார். "சாமின்னா சாமிதான். வார்த்தை மாறக் கூடாது, ஆமா!"

இந்தச் சமயத்தில்தான் துரை உள்ளே நுழைந்தார். அவர் தமிழ்ப் பரீட்சை கொடுத்துத் தேறியவர். முன்ஷி ஒருவரிடம் இலக்கணமாகத் தமிழ் கற்றவராகையால், அவர் பேசுவது வெள்ளைக்காரர்களுக்கும் புரியாது, தமிழர்களுக்கும் புரியாது. துண்டுக்குள் கைகோத்து நின்ற இருவரையும் அவர் ஆச்சரியத்தோடு நோக்கினார்.

"இஃது யாது? யாது காரணம்பற்றி நீவிர் இருவீரும் ஆடைக்குள் கரங்களை மறைத்துள்ளீர்?"

காஜா மைதீன் சமயோசிதக்காரர். "துரை அவர்களே, இது இந்த ஜில்லாவின் புராதன வழக்கம். ஆள் எடுப்பது சம்பந்தமான ஒப்பந்தம்."

துரைக்குப் புராதன வழக்கம் என்றால் பிராணன். காத்தான் பக்கம் திரும்பி விவரம் கேட்டார். காத்தான் மனசில் இருந்த ஆத்திரத்தை எல்லாம் கொட்டினார். மாட்டைப் பூட்டிப் பார்ப்பது, ஒரு சால் ஓட்டுவது, பிடித்தால் வாங்குவது, எல்லாம் சொல்லி, "ஆனா இங்க பாருங்க தொரை, வாங்காமலே உழுதுக்கிட்டு இருக்காங்க!" என்று முடித்தார்.

துரையின் முகம் மலர்ந்தது. "வாங்காமலே உழலாமோ! எத்துணைக் காலம்?"

"மாட்டுக்காரன் ஏமாளியா இருக்குற வரைக்கும், தொரை!"

"அரிது, அரிது!" என்று துரை அதை ஞாபகக் குறிப்பு எடுத்துக்கொண்டார். பிறகு விசாரணை ஆரம்பமாயிற்று.

"இவ்வலுவலகத்தில் பணி ஆற்றுவோர் யாவர்?"

ஐயங்கார் காஜா மைதீனைக் காட்டினார். காஜா மைதீன் மருதையைக் காட்டினார். மருதை உறையூரானையும், உறையூரான் பாலக்கரையானையும் காட்டினார்கள். பாலக்கரையான் மாடிப்படியைக் காட்டினான். துரை மாடிப்படிக்குப் போனார்.

"நீ ஆற்றும் பணி யாது?"

மன்னார்புரத்தான் எழுந்து நின்றான். "வேலை வரும்னு காத்துக்கிட்டு இருக்கேன் சார். மேலேர்ந்து வந்துக்கிட்டு இருக்கு. இன்னும் என்கிட்ட வந்து சேரலே."

"எப்பொழுதுமுதல்?"

"ஆடியிலேர்ந்து சார்."

 அப்படியானால் ஆடியிலிருந்து சென்னைக்கு ஒரு வரிகூடப் போகவில்லை. காவேரியில் படிகள் முழுகியதும் சர்க்காருக்குத் தெரியாது.  துரை யோசித்தது வேறு. அறிக்கை வரவில்லை என்பதைச் சென்னையில் ஏன் ஒருவரும் கவனிக்கவில்லை? பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது: கவனிக்கும் வேலையை அங்கேயும் ஒரு அப்ரண்டிஸிடம் கொடுத்திருந்தார்கள்.

"தொரைங்களே," என்று காத்தான் குறுக்கிட்டார், "வேலை நடக்கலேல்ல? தேங்கிப் போச்சுல்ல? அப்ப இடம் காலிதானே? எங்க மருதைக்குப் போட்டுருங்க!"

ஆனால் துரை அதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். ஐயங்காரின் கையைக் குலுக்கினார். காத்தான் கையை இரண்டு தரம் குலுக்கினார். ரயிலுக்குப் போய்விட்டார்.

உத்தரவு தைக்கு முன்னாலேயே வந்துவிட்டது. சர்க்கார் காரியம் அவ்வளவு சுருக்காக நடந்ததை அதற்குப் பிறகு யாரும் பார்த்ததில்லை. 'மேற்படி இலாகாவில் ஆடி முதல் யாதொரு வேலையும் நடைபெறாதிருந்தும், ஆற்றுக்கோ, படிகளுக்கோ, குளிப்போருக்கோ யாதொரு பாதகமும் விளையவில்லை. இதனால் அப்ரண்டிஸ் திட்டம் மகத்தான வெற்றி என்பது நிரூபணமாகிறது. ஆகவே இலாகாவில் சம்பள இடங்கள் யாவும் ரத்து செய்யப்படுகின்றன. சூப்பரிண்டெண்டும் குமாஸ்தாவும், விருப்பமிருந்தால், அப்ரண்டிஸ்களாகச் சேரலாம். சேர்ந்த தேதியை அனுசரித்து அவர்கள் வரிசையின் கடைசியில் இருப்பார்கள்.'

அதற்குக் கீழே இன்னொரு பாரா. 'இத்தனை அப்ரண்டிஸ்களையும் மேய்ப்பதற்கு, வாங்காமல் உழும் சாஸ்திரத்தில் அனுபவம் முதிர்ந்தவரான மணப்பாறை திரு. காத்தான் அவர்கள், பர்மனெண்ட் மேற்பார்வையாளராகச் சம்பளத்துடன் நியமிக்கப்படுகிறார்.'

மருதை அதைத் திருப்பித் திருப்பிப் படித்தான். பர்மனெண்ட் என்கிற வார்த்தை இருந்தது. அவன் பேர்தான் இல்லை.

காஜா மைதீன் உத்தரவைக் கேட்டுவிட்டு, "எல்லாம் ஹைர், நல்லதுக்குத்தான். கடைசி அப்ரண்டிஸுக்குக் கேள்வி கேப்பாடு கிடையாது" என்று குல்லாவை மன்னார்புரத்தானிடம் கொடுத்துவிட்டு மைத்துனர் கடைக்கே போய்விட்டார். பாவம், ஐயங்காருக்குப் போக்கிடம் இல்லை. வரிசையின் கடைசியில் மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். ஆடியிலிருந்து மேலேயிருந்து வந்துகொண்டிருந்த வேலை, அன்று மத்தியானம்தான் ஒரு வழியாகக் கீழே வந்து அவர் மடியில் சேர்ந்தது. "ரங்கா!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு எழுத ஆரம்பித்தார். அதுவரை அவர் பேனா எழுதும் என்பதே யாருக்கும் தெரியாது.

காத்தான் உத்தியோகத்தில் அமர்ந்தார். நீளக் கோட்டும், சரிகைத் தலைப்பாகையும் வந்துவிட்டன. சந்தைக்குப் போகும்போதுகூட அவற்றைக் கழற்றவில்லை. மாடுகள் மிரண்டன. அதோடு மனசும் மாறிவிட்டது. பொங்கலுக்கு மறுநாள் மருதை வெற்றிலை பாக்கோடு வந்து வாசலில் நின்றபோது, காத்தான் நாற்காலியில் இருந்து எழுந்திருக்கவில்லை.

"மருதை, நீ நல்ல பையன்தான். ஆனா நான் இப்ப சர்க்கார் உத்தியோகஸ்தன். பர்மனெண்ட். ஒரு அப்ரண்டிஸுக்குப் பொண்ணைக் கொடுத்தேன்னா என் அந்தஸ்து என்னத்துக்கு ஆகும்? அந்தச் சேவகனையே வேணாம்னு சொல்லிட்டேன். தாசில்தார் மாதிரி யாரையாச்சும்தான் பாக்கணும்."

"மாமா, உங்களுக்கு அந்த வேலை வந்ததே என்னாலதானே!"

"அதான் சொல்றேன், நீ நல்ல பையன்தான்."

 மருதை வெற்றிலைத் தட்டைக் கீழே வைக்காமல் நின்றான். உள்ளேயிருந்து பொன்னுத்தாய் வந்தாள். அழுகை கிழுகை ஒன்றும் இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நல்லது பாத்துச் செய்யுங்கப்பா. தாசில்தாரு நல்ல பல்லோட கிடைச்சாச் சொல்லுங்க. மச்சான், நீங்க நாளைக்கே ஆபீசை விட்டுட்டு ஊருக்குப் போயி உழவைப் பாருங்க. அத்தை தனியாக் கிடந்து கஷ்டப்படுது."

"போறேன் பொன்னு" என்றான் மருதை, விஷயம் புரிந்தோ புரியாமலோ.

காத்தான் நாற்காலியில் நிமிர்ந்தார். "போறதாவது! இவன் போயிட்டா என் ரிப்போர்ட்டை யாரு எழுதுறது?"

"நீங்கதான். நீங்கதானே ஆபீசரு?"

 காத்தானுக்கு மாட்டின் பல்லைப் பார்த்து வயசு சொல்லத் தெரியும். சுழியைப் பார்த்து ஜாதகம் சொல்லத் தெரியும். 'அ' என்கிற எழுத்தை மட்டும் அவர் வாழ்க்கையில் ஒரு தரமும் நெருங்கிப் பார்த்ததில்லை.

"உறையூரான் எழுத மாட்டானா?" என்றார் குரல் இறங்கி.

"எழுதுவான். அவனுக்கும் ஒரு மாமன் மகள் இருப்பா. அவ அவனை என்ன சொல்லி வச்சிருக்காளோ!"

காத்தான் தலைப்பாகையைக் கழற்றி, தலையைச் சொறிந்து, மறுபடியும் வைத்துக்கொண்டார். தரகர் அல்லவா, தோற்றாலும் ஒரு பிடி வைத்துத்தான் தோற்பார். "சரி. கொடுக்குறேன். ஆனா சர்க்கார் முறைப்படிதான் கொடுப்பேன். தற்காலிகமா, மறு உத்தரவு வரும்வரை."

"அந்த உத்தரவை யாரு போடுறது?" என்று மருதை கேட்டான்.

"நான்" என்றாள் பொன்னுத்தாய். வெற்றிலைத் தட்டை அவன் கையிலிருந்து வாங்கி உள்ளே கொண்டு போனாள்.

கல்யாணம் மாசியில் நடந்தது. கல்யாணத்துக்கு ஐயங்கார்கூட வந்து, தூர நின்று ஆசீர்வாதம் பண்ணினார். தாலி கட்டும்போது மருதைக்கு முடிச்சு இரண்டு தரம் நழுவியது. "பழகிக்கிட்டுத்தான் இருக்காரு, விடுங்க" என்று பெண் பக்கத்தில் யாரோ சொல்ல, பந்தலே கொல்லென்று சிரித்தது.

அதற்கப்புறம் காவேரியில் எவ்வளவோ வெள்ளம் வந்தாயிற்று. இலாகாவும் போயிற்று, துரையும் சீமைக்குப் போனார். மருதைக்குப் பிள்ளைகள் பிறந்து, பள்ளிக்கூடம் போய், தலையும் நரைத்துவிட்டது. இன்றைக்கும் சம்பாதித்ததைக் கொண்டுவந்து பொன்னுத்தாய் கையில் கொடுத்துவிட்டு, "இப்பவாவது என்னைப் பர்மனெண்ட் பண்ணலாமில்லே?" என்று அவன் கேட்கிறான். அவளும் சிரித்துக்கொண்டே, "அந்த அரிசி மூட்டையைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்க, பாக்கலாம்" என்கிறாள். அவன் தள்ளுகிறான். துரைக்கும் சீமையில் தம் வீட்டில் இதே உத்தியோகம்தான் என்று காஜா மைதீன் சத்தியம் பண்ணுகிறார். அவர் துரைசானியைப் பார்த்திருக்கிறாராம்.

மருதையின் கதையைக் கேட்டு நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். 'என் வீட்டில் நான் பர்மனெண்ட்' என்று சொல்லக்கூடிய ஆண்பிள்ளை யாராவது இருந்தால், எழுந்து நின்று உரக்கச் சொல்லலாம். சொல்வதற்கு முன்னால் சமையற்கட்டுப் பக்கம் ஒரு குரல் கொடுத்து, சொல்லலாமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.